பன்றிக்குட்டி வழக்கு

விமான நிலையக் கழிப்பறையில் எனக்கு இரவு வேலை.
தரையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிடுவேன்
யார் எதற்காக பொகோட்டாவுக்கு வருகிறார்கள் என்று.
முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்தால்
பறவைக்கு வந்தவர்கள்.
அவர்கள் பூட்ஸில் எப்போதும் ஏதோ ஓர் ஊரின் சேறு.

கைகழுவும் மேடையில் ஒருத்தி
மடித்த தாளொன்றை மறந்துவிட்டுப் போனாள்.
நகருக்குள்ளே சதுப்புநிலம், அரைநாள்,
ஜீப், வழிகாட்டி, காப்பி உட்பட.
விலை, என்னுடைய ஒன்பது இரவுகள்.
வரைபடத்தில் ஒரு பச்சைப் பொட்டு.
பொட்டை ஒட்டி
என் தெரு.

பதினோரு வருடமாக அந்த இடத்துக்கு
எங்கள் கட்டடத்தில் ஒரே பெயர்தான்: நாற்றம்.
அந்த மதிலோரம் பேருந்து திரும்பும்போது
எல்லோரும் ஜன்னலைச் சாத்துவோம்,
கூட்டுப் பிரார்த்தனை மாதிரி, ஒரே நேரத்தில்.

யெசித் துணிக்கடைக் காவலாளியாக இருந்தவன்.
கடை மூடியபோது விசில் மட்டும் அவனிடம் தங்கிவிட்டது.
மின்கம்பத்தில் ஒட்டியிருந்தான்:
ஞாயிறு காலை ஆறு மணி, ரொட்டிக்கடை வாசல்,
பேருந்துக்குக் கொடுப்பதைக் கொடு,
இல்லையென்றால் ஒரு சாக்குக் குப்பை பொறுக்கு.
இரண்டு எழுத்துப்பிழை.

நான் போனது பறவைக்காக அல்ல.
ஒன்பது இரவு விலையில்
அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க.

பதினான்கு பேருக்கு ஒரே தொலைநோக்கி.
ஆளுக்கு இருபது எண்ணும் வரை.
எண்ணுவது ரொட்டிக்கடை நூபியாவின் மகன்;
தன் முறைக்கு மட்டும் மெதுவாக எண்ணுகிறான்.
மரப்பாதை பாதியில் அறுந்துபோன இடத்தில்
எடில்பெர்த்தோவின் சக்கர நாற்காலிக்காக
பழைய கதவொன்றைக் கிடத்தியிருந்தான் யெசித்.
யார் வீட்டுக் கதவோ. 302 என்ற எண் இன்னும் ஒட்டியிருந்தது.
அதன்மேல் உருளும் முன்
எடில்பெர்த்தோ குனிந்து இரண்டு தட்டுத் தட்டினார்,
"உள்ளே வரலாமா?"

கோரைக்குள் பனி. கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.
தலைக்குமேல் ஒரு விமானம் சக்கரங்களை இறக்கியது;
அதில் லென்ஸோடு இரண்டு பேராவது இருப்பார்கள்.
"திங்குவா இங்கேதான் இருக்கிறது,
சிவப்பு மூக்கு, கொஞ்சம் வெட்கம்" என்றான் யெசித்,
காதும் காதும் வைத்தாற்போல.
ஒரு வாத்து வந்தது.
ஒரு பிளாஸ்டிக் செருப்பு மிதந்து வந்தது.
என்னுடைய இருபதும் வெறும் கோரையில் கரைந்தது.

அப்போது எங்கிருந்தோ
வீல் வீலென்று
காலைப் பிடித்துத் தூக்கிய பன்றிக்குட்டியின் கத்தல்.

"அதுதான்" என்றான்.

அதுவா?

நான்கு வருடத்துக்கு முன்
கீழ்வீட்டு எவேலியோ திருட்டுத்தனமாகப் பன்றி வளர்க்கிறான் என்று
ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கி
நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுத்தவள் நான்.
வேலை முடிந்து படுக்கிற நேரம் பார்த்துக் கத்துகிறது என்று.
அவர் குளியலறையைத் திறந்து காட்டினார்,
துணி அலமாரியைத் திறந்து காட்டினார்.
கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார், என்றேன்.
அன்றிலிருந்து படியில் என்னைக் கண்டால்
சுவரைப் பார்த்தபடியே இறங்குவார்.

கடல் தாண்டி வந்து
ஜீப்பில் உட்கார்ந்து கேட்கிற ஒன்றை
பதினோரு வருடம், அநேகமாக தினமும்,
நான் இலவசமாகக் கேட்டிருக்கிறேன்,
தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு.

அடுத்த சனிக்கிழமை எவேலியோவின் கதவைத் தட்டினேன்.
சங்கிலியை எடுக்காமலே திறந்தார்.
"உங்கள் பன்றியைப் பார்க்கப் போகிறோம்,
நாளை ஆறு மணிக்கு. பூட்ஸ் இருக்கிறதா?"

இடுக்கு வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சுவரை அல்ல.

"அங்கே கொசு இருக்குமே, தோன்யா மார்லெனி."

இருக்கும், என்றேன்.